தோலைக் கடந்த பார்வை

எங்கள் ஊர்களிலே பரியாரியார் நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, கண்களை மூடியவாறு நாடி பார்க்கும் காட்சியை மூத்தோர் பலரும் கண்டிருப்பர். மேலைநாட்டு வைத்தியர் மார்பிலே குழாயை வைத்துக் கேட்டார்; முதுகிலே விரலால் தட்டிப் பார்த்தார். இருவர்க்கும் இருந்த இடர் ஒன்றேயாம். நோய் உள்ளே இருந்தது. வைத்தியர் வெளியே இருந்தார். கண், தொண்டை முதலிய வாயில்களினூடாகச் சிறிது எட்டிப் பார்க்க இயன்றதேயன்றி, உயிருள்ள மனிதனின் எலும்பையோ நுரையீரலையோ கத்தி தொடாமற் காண்பதற்கு 1895ஆம் ஆண்டு வரை வழி இருக்கவில்லை.

அவ்வாண்டு நவம்பர் 8ஆந் திகதி மாலை, ஜேர்மனியிலுள்ள வூர்ஸ்பேர்க் சர்வகலாசாலையின் பௌதிகப் பேராசிரியர் வில்கெல்ம் றொன்ற்ஜன் தம் இருட்டறையிலே, காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயொன்றினூடாக மின்சாரத்தைப் பாய்ச்சிக்கொண்டிருந்தார். குழாயைக் கறுத்த அட்டையினால் முற்றாக மூடியிருந்தார். ஆயினும், சற்றுத் தூரத்தில் இருந்த, பேரியம் உப்புப் பூசிய தாள் ஒன்று ஒளிர்ந்தது. அட்டையைக் கடந்து வந்தது யாது? வேறொருவராயின் ஊருக்கெல்லாம் உடனே பறைசாற்றியிருப்பார். இவரோ ஏழு வாரம் வாய் திறவாது, கதவை அடைத்துக்கொண்டு சோதித்தார். நூலையும் மரத்தையும் கடந்த கதிர் ஈயத்தைக் கடக்கவில்லை. தம் கையை இடையே நீட்டியபோது தசை மங்கலாகவும் எலும்பு கருநிழலாகவும் தாளில் விழக் கண்டார். டிசம்பர் 22ஆந் திகதி தம் மனைவி பேர்த்தாவின் கையைப் படத்தகட்டின்மேல் வைப்பித்துக் கால் மணித்தியாலம் அளவு கதிரைப் பாய்ச்சினார். விரலெலும்புகளும், அவற்றிலொன்றிற் கிடந்த மோதிரமும் படத்திலே தெளிவாக விழுந்தன. கதிரின் இயல்பு தெரியாமையால், கணக்கிலே தெரியாத எண்ணுக்கு இடும் 'எக்ஸ்' என்னும் எழுத்தையே அதற்குப் பெயராக இட்டார். 1901ஆம் ஆண்டிலே பௌதிகத்துக்கான முதல் நொபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. பரிசுப் பணத்தைத் தம் சர்வகலாசாலைக்கே கொடுத்தார். கண்டுபிடிப்புக்கு உரிமைப்பத்திரம் எடுக்கவுமில்லை. பிற்காலத்திற் பணமுடையால் வருந்தியபோதும் அதற்காக அவர் மனம் நொந்ததாகத் தெரியவில்லை.

இக்கதிர் நோயை எவ்வாறு காட்டுகின்றது? எலும்பிலுள்ள சுண்ணச்சத்துக் கதிரைத் தடுக்கின்றது. மென்தசை பெரிதும் கடக்கவிடுகின்றது. காற்று நிறைந்த நுரையீரல் தடுப்பதே அரிது. ஆகவே படத்திலே எலும்பு வெண்மையாகவும், நுரையீரல் கறுப்பாகவும் தோன்றும். அக்கறுப்பின் நடுவே ஒரு வெண்படலம் காணப்படின் அது கசநோயின் அடையாளமாக இருக்கலாம். "இருக்கலாம்" என்றே சொல்லவேண்டும்; ஏனெனில் நிமோனியாவும் வெண்படலமாகவே தோன்றும், கட்டியும் அவ்வாறே தோன்றும். படம் நிழலையே தருகின்றது. இருமல் எத்தனை நாள், சளியிலே கிருமி உண்டா என்பவற்றை வைத்தியர் கேட்டும் சோதித்தும் அறிந்தே அந்நிழலுக்குப் பெயரிட வேண்டும். குடல், இரைப்பை ஆகியன தாமாக நிழல் தருவன அல்ல. அதனால் பேரியம் கலந்த வெண்கூழைக் குடிப்பித்துப் படமெடுக்கும் முறை தோன்றிற்று.

இனிச் சொல்லப்போவது துயரமான பகுதி. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரத்து வைத்தியர் ஜோன் ஹோல் எட்வர்ட்ஸ், 1896ஆம் ஆண்டு சனவரியிலேயே ஒரு கையிற் புதைந்த ஊசியை இக்கதிரினாற் கண்டறிந்து காட்டியவர். அதே கதிர் அவர் கைகளைப் புண்ணாக்கியது. 1908ஆம் ஆண்டிலே அவருடைய இடக்கை துண்டிக்கப்பட்டது. அமெரிக்காவில் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, கதிர்க்குழாய் நன்கு இயங்குகின்றதா என்று தம் கையையே நீட்டி நீட்டிச் சோதித்தவர். இரு கைகளையும் இழந்து, 1904ஆம் ஆண்டு 39 வயதில் இறந்தார். எடிசன் அதன்பின் எக்ஸ் கதிர் ஆராய்ச்சியைத் தொடவேயில்லை. ஹம்பேர்க் நகர வைத்தியசாலை வளவிலே 1936ஆம் ஆண்டு நாட்டப்பட்ட நினைவுக்கல், இவ்வாறு கதிருக்கு இரையான பலநாட்டு வைத்தியர், தாதியர், தொழிலாளர் ஆகியோரின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றது. 1959ஆம் ஆண்டளவில் அப்பெயர்கள் 350ஐக் கடந்துவிட்டன.

இவர்கள் கதிரின் அருகிலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள். ஒன்றிரண்டு படங்களுக்காக ஒரு கணம் கதிர்முன் நிற்கும் நோயாளிக்குத் தீங்கில்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இக்கருத்தை அசைத்தவர் அலிஸ் ஸ்ரூவேட் என்னும் ஒக்ஸ்போர்ட் வைத்தியப் பெண்மணி. இவ்வரலாற்றில் வரும் அனைவரிலும் என் மனத்தைக் கவர்ந்தவர் இவரே. 1950ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திலே சிறு பிள்ளைகள் இரத்தப் புற்றுநோயால் இறப்பது கூடிக்கொண்டு வந்தது. காரணம் எவர்க்கும் புலப்படவில்லை. வைத்தியர் மறந்ததைத் தாய்மார் நினைவில் வைத்திருக்கக்கூடும் என்று அம்மையார் எண்ணினார். லேடி டாட்டா ஞாபகார்த்த நிதியிலிருந்து கிடைத்த ஆயிரம் பவுணே அவருடைய மூலதனம். புற்றுநோயால் இறந்த பிள்ளைகளின் தாய்மாரையும், உயிரோடிருக்கும் பிள்ளைகளின் தாய்மாரையும், ஒரே கேள்விகளைக் கேட்குமாறு நாடெங்குமுள்ள சுகாதார வைத்திய அதிகாரிகளை வேண்டினார். விடைகள் வந்து சேர்ந்தன. கருவுற்றிருந்த காலத்தில் வயிற்றை எக்ஸ் கதிர்ப்படம் எடுப்பித்த தாய்மார், பிள்ளையை இழந்தோரிடையே ஏறக்குறைய இருமடங்காக இருந்தனர். குழந்தை கருப்பையில் எவ்வாறு கிடக்கின்றது என்றறியவே அப்படங்கள் எடுக்கப்பட்டன.

1956இலும் 1958இலும் இம்முடிபுகள் வெளிவந்தன. வைத்திய உலகம் அவற்றை விரும்பவில்லை. பிள்ளையை இழந்த தாய் ஒவ்வொரு சிறு நிகழ்ச்சியையும் துருவித் துருவி நினைப்பாள், மற்றவள் மறந்துவிடுவாள், ஆகவே கணக்குப் பிழை என்றனர். இது பொருளற்ற மறுப்பன்று. புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவிய ரிச்சர்ட் டோல் பங்குகொண்ட ஓர் ஆராய்ச்சியும் 1960ஆம் ஆண்டிலே அத்தகைய தீங்கைக் காணவில்லை. 1962ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறையன் மக்மாகோன் என்பவர், தாய்மாரின் நினைவை நாடாது, பிரசவ காலத்து வைத்தியசாலைப் பதிவேடுகளையே புரட்டிப் பார்த்தார். கருவிலே கதிர்பட்ட பிள்ளைகளுக்குப் புற்றுநோய் கூடுதலாக இருந்தமை அவற்றிலும் தெரிந்தது. தாய்மாரின் ஞாபகம் பொய்க்கவில்லை. அவ்வாறிருந்தும் வழக்கம் மாறுவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன.

அதே ஆண்டுகளில் கிளாஸ்கோ நகரில், கருப்பையைக் கதிரின்றிக் காணும் வழியொன்று உருவாகிக்கொண்டிருந்தது. பிரசவ வைத்தியப் பேராசிரியர் இயன் டொனால்ட் போர்க்காலத்தில் விமானப்படையிற் பணிபுரிந்தவர். எதிரொலியால் மறைபொருளை அறியும் கருவிகளைப் பற்றி அறிந்திருந்தார். கொதிகலன் செய்யும் தொழிற்சாலையொன்றில் இரும்பிலுள்ள வெடிப்பைக் கண்டறிய, காதுக்குக் கேளாத ஒலியைப் பாய்ச்சுகின்றனர் எனக் கேள்வியுற்றார். 1955ஆம் ஆண்டு யூலையிலே, சத்திரசிகிச்சையில் அகற்றிய கட்டிகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு அத்தொழிற்சாலைக்கே போய்விட்டார்! ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மாட்டிறைச்சித் துண்டொன்றும் அங்கே இருந்ததாம். நீர்க்கட்டியினூடாக ஒலி தடையின்றிச் சென்று மறுகரையில் எதிரொலித்தது. திண்ணிய கட்டியிலோ வழிநெடுக எதிரொலி சிதறியது.

பின்னர் ரொம் பிறவுண் என்னும் இளம் பொறியியலாளர் கருவியைச் செப்பஞ் செய்தார். ஒரு பெண் நோயாளிக்கு இரைப்பையிலே தீராத புற்றுநோய் என்று முன்னரே தீர்ப்புக் கூறப்பட்டிருந்தது. வயிற்றின்மேல் ஒலிக்கருவியை வைத்தபோது எதிரொலி வேறு கதை சொல்லிற்று: உள்ளே இருந்தது நீர்க்கட்டி. வயிற்றைத் திறந்து சூலகத்தில் வளர்ந்திருந்த அக்கட்டியை அகற்றினர், அவர் பிழைத்தார். 1958ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி "லான்செற்" வைத்திய இதழிலே வெளிவந்த இவர்களின் கட்டுரையே, இன்று கர்ப்பிணிகள் யாவரும் அறிந்த 'ஸ்கான்' முறைக்கு வழி திறந்தது.

பின்வந்த இரு கருவிகளையும் சுருங்கச் சொல்வேன். பலகோணங்களிற் பாய்ச்சிய எக்ஸ் கதிரின் அளவுகளைக் கணினியாற் கணித்து உடம்பைக் குறுக்கே அரிந்தாற்போலக் காட்டுவது சீ.ரி. ஸ்கான். இதை ஆக்கியவர் இங்கிலாந்துப் பொறியியலாளர் கொட்பிரி ஹவுன்ஸ்பீல்ட். 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆந் திகதி மூளைக்கட்டி என ஐயுற்ற ஒரு நோயாளியின் தலையிலே அது முதன்முதற் சோதிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே, முன்னர் சென்னைச் சர்வகலாசாலையிற் பௌதிகப் பேராசிரியராக இருந்த ஜி. என். இராமச்சந்திரன், ஏ. வி. லக்ஷ்மிநாராயணனுடன் சேர்ந்து, நிழல்களிலிருந்து உருவை மீட்கும் விரைவான கணிதமுறையொன்றை வெளியிட்டார். முதற் கருவி அதனைக் கையாளவில்லை. பின்வந்த கருவிகள் கையாண்டன. இருவர் பெயரும் இணைந்து "ராம்-லாக்" என அம்முறையில் நிலைத்துள்ளது. மற்றையது எம்.ஆர்.ஐ.; காந்தப்புலத்தில் உடம்பிலுள்ள நீரின் ஐதரசன் அணுக்கள் தரும் சைகையைக் கொண்டு மூளை, முள்ளந்தண்டு முதலிய மென்பகுதிகளைத் துலக்குவது. போல் லோட்டர்பர் 1973ஆம் ஆண்டிலே இதன் முதற் படத்தை வெளியிட்டார். இதில் எக்ஸ் கதிர் இல்லை. சீ.ரி. ஸ்கானிலோ உண்டு, மார்பைச் சாதாரணப் படம் எடுப்பதிலும் பல பத்து மடங்கு கூடுதலாக உண்டு. நோயாளி வற்புறுத்துகின்றார் என்பதற்காக வைத்தியர் அதற்குச் சீட்டெழுதுவது முறையன்று என்பது என் எண்ணம். தேவை உள்ளவிடத்தில் அஞ்சி மறுப்பதும் அதேயளவு பிழை.

அண்மையிலே என் அம்மம்மாவின் முழங்காலைப் படமெடுப்பதற்காக வைத்தியசாலையொன்றுக்குச் சென்றிருந்தேன். கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று கதிர் அறையின் வாசலில் எழுதியிருந்தது. எனக்கு அலிஸ் ஸ்ரூவேட் அம்மையாரின் நினைவு வந்தது. 1960ஆம் ஆண்டிலே தீங்கைக் காணாத அந்த ரிச்சர்ட் டோல், 1997ஆம் ஆண்டிலே ரிச்சர்ட் வேக்போர்ட் என்பவருடன் சேர்ந்து அதுவரை நடந்த ஆராய்ச்சிகளை எல்லாம் ஆராய்ந்து, கருவிலுள்ள குழந்தையிற் படும் சிறிதளவு கதிரும் புற்றுநோயைக் கூட்டும் என்று எழுதினார். அப்பொழுது அம்மையாருக்கு வயது 90.