கொட்டப்பட்டும் கிறிஸ்துமஸ் தீவும்

முக்கொம்பில் பிரியும் காவிரி தஞ்சை நெல்வயல்களை நோக்கி இறங்குகிற திருச்சியில், விமான நிலையத்துக்கு அருகே கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. ஈழப் போருக்குத் தப்பி வந்தவர்களும், இங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவிலும் ஈழத் தமிழ்க் குழந்தைகளை அரசு காவலில் வைத்திருந்தது. இந்த இரண்டு நாடுகளின் அகதிக் கதைகளுக்கும் தொடர்பு உண்டு. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட ஒரு படகில் 157 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் இந்தியாவில் அடைக்கலம் தேடி வாழ்ந்த ஈழத் தமிழர், குழந்தைகளும் பலர். ஆஸ்திரேலியச் சுங்கக் கப்பல் அவர்களைப் பிடித்து, ஏறக்குறைய ஒரு மாதம் நடுக்கடலிலேயே ஜன்னலில்லா அறைகளில் வைத்திருந்தது. பிறகு நவ்ரு தீவுக்கு அனுப்பினார்கள்.

ஏட்டளவில் பார்த்தால் ஆஸ்திரேலியாதான் மேல். 1951 அகதிகள் உடன்படிக்கையில் அது சேர்ந்திருக்கிறது, இந்தியா சேரவில்லை. குழந்தையைக் காவலில் வைப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்று 2005-இல் சட்டத்திலேயே எழுதினார்கள். ஆனாலும், 2018 மார்ச்சில், குயின்ஸ்லாந்தின் பிலோயிலா என்ற சிற்றூரில், விடிவதற்குள் வீடு புகுந்து ஒரு தமிழ்க் குடும்பத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். பெண் குழந்தைகள் இருவரும் அந்த நாட்டிலேயே பிறந்தவர்கள். இளையவளுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. 2019 ஆகஸ்டில் அவர்களைக் கிறிஸ்துமஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். மூத்தவள் பள்ளிக்கூடம் போனாலும் காவலர் கூடவே போனார்கள். 2021 ஜூனில் இளையவளின் ரத்தத்தில் கிருமி பரவி, பெர்த் மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுபோகும் நிலை வந்தது. ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் விடாமல் போராடியதாலும், 2022-இல் ஆட்சி மாறியதாலும்தான் அவர்கள் வீடு திரும்பினார்கள். காவலிலிருந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் கடுமையான மனநலக் கோளாறு இருந்ததை அந்நாட்டு மனித உரிமை ஆணையம் 2014 விசாரணையிலேயே கண்டறிந்திருந்தது. தெரிந்தே செய்தார்கள் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

கொட்டப்பட்டில் வீடுகள் நெருக்கம். வருகைப் பதிவு உண்டு, கியூ பிரிவு போலீஸின் கண்காணிப்பு உண்டு. ஆனால் காலையில் பிள்ளை புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு காவலர் இல்லாமல் வெளியே போகிறது. ஊர்ப்பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறது, மதியம் அதே சத்துணவைச் சாப்பிடுகிறது. குழந்தையின் நலனைக் காப்பதில் இதற்கு ஈடாக எதையும் நான் கருதவில்லை. தமிழ்நாடு இதில் பெருமைப்படலாம். 2021-இல் முகாம் வீடுகளைப் புதிதாகக் கட்டித் தர ஒதுக்கிய பணமும் இந்த வழியில் வந்ததே.

பெருமை அத்தோடு நிற்க வேண்டும். அதே திருச்சியில், மத்திய சிறை வளாகத்துக்குள் 'சிறப்பு முகாம்' இருக்கிறது. 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டத்தைக் காட்டி, ஜாமீன் கிடைத்த ஈழத் தமிழர்களைக்கூட அங்கே அடைத்து வைத்தார்கள். குடும்பத்தோடு வாழ விடுங்கள் என்று கேட்டு அவர்கள் பலமுறை உண்ணாவிரதம் இருந்தார்கள். அப்பனை உள்ளே வைத்துவிட்டுப் பிள்ளைக்குச் சத்துணவு போட்டால் கணக்குத் தீராது.

கொட்டப்பட்டில் திறந்திருக்கும் கதவும் அரசு மனம் வைத்ததால் திறந்திருப்பதுதான். 1991-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம் மாணவர்களின் கல்லூரி இடங்கள் பறிபோயின. பல ஆண்டுகள் கழித்தே திரும்பக் கிடைத்தன. கொலைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் என்ன சம்பந்தம்? கேட்க அவர்களிடம் குடியுரிமை இல்லை. பிலோயிலாக் குடும்பம் நாடு கடத்தப்படாமல் தப்பியதற்கு நீதிமன்றத் தடை ஆணைகளும் ஒரு காரணம். அப்படிப் பற்றிக்கொள்ள ஒரு சட்டம் நம் முகாம் பிள்ளைக்கும் வேண்டும்.

கொட்டப்பட்டில் வாழும் ஒரு பெண் 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தால் குடிமகன் என்பது சட்டம். அதை வைத்து வழக்காடி, 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். இன்று அந்த முகாமிலிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எல்லோரும் அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்கள்.