இரண்டு பேர்ச் வீடு: கொழும்புத் தோட்டங்களின் கதை



முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் காலம் வந்தால் எங்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதே பெரிய வேலை. அண்மையில் ஒரு தாய் வந்தார். விலாசம் எழுதும் இடத்தில் ஓர் இலக்கம், பக்கத்தில் ஒரு சாய்கோடு, அதன் பிறகு 47. எழுதி முடிக்கும்போது மெதுவாகக் கேட்டார்: "சேர், இத போட்டா தோட்டத்துப் புள்ள எண்டு தெரிஞ்சிடும். எங்கட சாச்சிட விலாசத்தப் போடட்டா?"

வீட்டுக்கு உறுதியும் இல்லை. மூன்று தலைமுறையாக அதே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அந்த வெட்கம் எங்களுக்குப் புதிதல்ல. நாங்களும் அப்படியொரு தோட்டத்தில் வளர்ந்தவர்கள். பாடசாலையில் யாராவது "எங்க இருக்கீங்க?" என்று கேட்டால் பிரதான வீதியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நழுவியவர்கள். அதனால்தான் இதை எழுத நினைத்தோம். தோட்டம் என்ற பெயர் எப்படி வந்தது என்று தெரிந்தால் அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

மலையகத்தில் தோட்டம் என்றால் தேயிலை. கொழும்பில் தோட்டம் என்றால் முடுக்கு. ஆனால் இந்த நகரத்தின் தோட்டங்கள் ஒரு காலத்தில் உண்மையான தோட்டங்களாகவே இருந்தன. வாழைத்தோட்டம், கறுவாத்தோட்டம், மாளிகாவத்தை, குப்பியாவத்தை, ஜாவத்தை என்று ஊர்ப் பெயர்களே அதைச் சொல்கின்றன. சிங்களத்தில் 'வத்த' என்பதும் தோட்டம்தான்.

ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலும் வசதி படைத்தவர்கள் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் பக்கங்களில் பெரிய வளவுகளுடன் மாளிகை கட்டி வாழ்ந்தார்கள். பிறகு கோப்பி வந்தது. கோப்பியைக் காயவைத்துத் தெரிவு செய்யும் களஞ்சியங்கள் எழுந்தன. 1875இல் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு முதற்கல் வைத்தார்கள். 1885இல் அது முடிந்தது. கப்பல்கள் குவிந்தன. கூலி ஆட்கள், நாட்டாமைகள், வண்டிக்காரர்கள், சிறு வியாபாரிகள் எல்லோரும் வேலை தேடி வந்தார்கள். சத்தமும் நெரிசலும் கூடியபோது பணக்காரர்கள் கறுவாத்தோட்டத்துக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் போய்விட்டார்கள்.

விட்டுப்போன மாளிகைகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. வளவில் இருந்த மரங்களை வெட்டி, முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை வீடுகளைக் கட்டினார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. நடுவில் ஒரு குழாய், மூலையில் பொது மலசலகூடம். மரங்கள் போனாலும் தோட்டம் என்ற பெயர் போகவில்லை. அந்த முழு வளவுக்கும் ஒரே இலக்கம் இருந்தபடியால்தான் இன்றும் எங்கள் விலாசத்தில் அந்தச் சாய்கோடு இருக்கிறது. வாடகை வாங்கியவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். நம்மவர்களும் இருந்தார்கள். அதையும் மறைக்கக் கூடாது.

1914இல் கொழும்பில் கொள்ளைநோய் பரவியது. அடுத்த வருடமே, 1915இல், வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. காற்று, வெளிச்சம், வீதி அகலம் எல்லாவற்றுக்கும் அளவு வைத்தார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அந்த அளவுக்குள் எங்கள் வீடுகள் எதுவுமே அடங்கவில்லை. அன்றிலிருந்து நாங்கள் சட்டத்துக்கு வெளியே வாழ்பவர்கள் ஆனோம்.

அந்த வாழ்க்கை எப்படி இருந்தது? நோன்புக் காலத்தில் ஒரு வீட்டில் காய்ச்சிய கஞ்சி முடுக்கு முழுக்கப் போகும். மலாய்க் குடும்பம், தமிழ்க் குடும்பம், சிங்களக் குடும்பம் எல்லோருக்கும் கோப்பை வைத்திருப்போம். விடியற்காலையில் பைப்படியில் வாளிகள் வரிசையில் நிற்கும், அதைப் பற்றிய சண்டையும் நடக்கும். எங்கள் மூத்தும்மா மவுத்தான அன்று சந்தூக்கு முடுக்குக்குள் திரும்பவில்லை. முன்வீட்டுச் சிங்கள அங்கிள் ஒரு வார்த்தை பேசாமல் தன் வீட்டு முன்பக்கப் பலகைகளைக் கழற்றி வழிவிட்டார். அந்த மூன்றடி முடுக்கை நினைத்தால் எங்களுக்கு வெட்கமும் வருகிறது, கண்ணீரும் வருகிறது.

1973இல் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒருவர் இத்தனை வீடுதான் வைத்திருக்கலாம், மிஞ்சியது அரசுக்கு என்றார்கள். வாடகை வீடுகள் பல வீடமைப்பு ஆணையாளரின் கைக்குப் போயின. குடியிருந்த சிலர் சொந்தக்காரர் ஆனார்கள். பலருக்கு அந்த உறுதி இன்றுவரை கையில் வரவில்லை.

அதன்பின் வந்த மாற்றம் எங்கள் வயதுக்காரர்களுக்கு ஞாபகமிருக்கும். வாழைத்தோட்டத்தில் 1924இல் பிறந்த ரணசிங்க பிரேமதாசவுக்கு முடுக்கு என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவருடைய அரசியலில் ஒவ்வாத விடயங்கள் பல உண்டு. ஆனால் 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டம் தோட்டங்களை உடைக்காமல் திருத்த முயன்றது. நகரத்தில் ஒரு காணித்துண்டு குறைந்தது 150 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 6 பேர்ச் இருக்க வேண்டும் என்பது பொது விதி. தோட்டங்களுக்கு அதைத் தளர்த்தி 2 பேர்ச் போதும் என்றார்கள்.

அதிகாரிகளும் குடியிருப்பாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து, பாதை எங்கே போகும், கான் எங்கே ஓடும், யார் எத்தனை அடி பின்னுக்குப் போக வேண்டும் என்று பேசித் தீர்த்தார்கள். சில இடங்களில் கானையும் கிணற்றையும் கட்டும் ஒப்பந்தமே தோட்டத்துச் சபைக்குக் கிடைத்தது. சிறிய கடன் கொடுத்தார்கள். மிச்சத்தை மக்கள் தாங்களே கட்டினார்கள். இந்த வருடம் சுவர், அடுத்த வருடம் கூரை. மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஓர் அறை. இரண்டு பேர்ச் என்றால் 544 சதுர அடிதான், ஆனால் அந்த வீடு குடும்பத்தோடு சேர்ந்து வளர்ந்தது.

2001இல் எடுத்த கணக்கெடுப்பில் கொழும்பு நகருக்குள் இப்படியான 1,614 குடியிருப்புகளும் அவற்றில் 77,612 குடும்பங்களும் இருந்தன. நகரத்தின் பாதி மக்கள் என்று சொல்லலாம். நகரத்தைக் கூட்டுபவர், மீன் விற்பவர், மூட்டை சுமப்பவர், தையற்காரர், த்ரீவீல் ஓட்டுபவர் எல்லோரும் இதற்குள் அடக்கம்.

2010க்குப் பிறகு தொடர்மாடிகள் வந்தன. 400 சதுர அடி சொச்சத்தில் வீடு, சொந்த மலசலகூடம், வெள்ளம் வராத தளம். சந்தோஷமாகப் போனவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் தன் கையால் கட்டிய வீட்டை விட்டுக்கொடுத்துப் போன பலரிடம் புதிய வீட்டுக்காக மாதத் தவணையும் கேட்டார்கள். அங்கே மகனுக்கு மேலே அறை கட்ட முடியாது. லிஃப்ட் வேலை செய்யாத நாளில் ஜனாஸாவை இறக்குவது எப்படி என்று மாடியில் வசிக்கும் ஒரு பெரியவர் எங்களிடம் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அந்தத் தாய்க்கு நாங்கள் சொன்னது இதுதான்: உங்கள் விலாசத்தையே போடுங்கள். வீடு உங்களுடையது, கடதாசிதான் குறைகிறது. அந்தக் கடதாசியைத் தேடுங்கள்.

உங்கள் எல்லோரிடமும் அதையே கேட்கிறோம். அலுமாரியில், தகரப் பெட்டியில், உம்மாவின் பழைய பேக்கில் பாருங்கள். பழைய வாடகைப் பற்றுச்சீட்டு, கணக்கெடுப்பு அட்டை, வீடமைப்புக் கடன் புத்தகம், மின்சாரப் பட்டியல், வாக்காளர் இடாப்புப் பிரதி என்று எதையும் வீசிவிடாதீர்கள். ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். வீடு மாறச் சொல்லி நாளைக்கு யாராவது வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

இன்னொன்று. உங்கள் தோட்டத்தின் பழைய பெயரையும், யாருடைய வளவு அது என்று பெரியவர்கள் சொன்னதையும் கீழே எழுதுங்கள். சேர்த்துவைத்து எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.