அஸீஸ் அவர்களும் ஒரு புலமைப்பரிசிலும்

வெளிநாட்டுப் புலமைப்பரிசில் என்றதும், "அதெல்லாம் நமக்குக் கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறோம். 1930களில் நம் நிலை இதைவிடப் பின்தங்கியிருந்தது. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வரை வந்த முஸ்லிம்களே மிகச் சிலர்தான்.

அந்தச் சிலரில் ஒருவர் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வராவிலும் யாழ் இந்துவிலும் படித்து, கொழும்பில் வரலாற்றில் சிறப்புப் பட்டம் பெற்றார். அரசாங்கப் புலமைப்பரிசிலை வென்று, பட்டப்பின் படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் சென்றார். சிவில் சேவைக்குத் தெரிவானதால் படிப்பை முடிக்காமலே திரும்பினார். 1935இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர்தான்.

அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோதே அங்கு ஒரு முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். 1945இல், திறமையிருந்தும் வசதியில்லாத நம் மாணவர்களுக்காகப் புலமைப்பரிசில் நிதியமொன்றைத் தொடங்கினார். 1948இல் அந்தப் பெரிய பதவியையே விட்டு ஸாஹிராவின் அதிபரானார்.

இன்று நமது ஊர்களில் பட்டதாரிகள் பலர் இருக்கிறோம். முடிவுத் திகதியைத் தேடிச் சொல்வோம். சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுப்போம். பக்கத்திலிருந்து படிவத்தை நிரப்ப உதவுவோம். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பார்க்காமல் இந்த வருடம் ஒரு பிள்ளையையாவது விண்ணப்பிக்க வைப்போம்.