பால் பார்த்தல்: ஒரு சொல்லின் பயணம்

காணாமற்போன மாடு, கைகூடாத கலியாணம், தீராத நோய் - எதுவாயினும் 'பால் கிதாபு' விரித்து வரப்போவதைச் சொல்வதை எம்மவர் 'பால் பார்த்தல்' என்பர். இந்தப் பால் பசுவின் பாலன்று. ஊழ் என்ற பொருளில் தொல்காப்பியரும் வள்ளுவரும் ஆண்ட பாலுமன்று, அவ்வொலியொற்றுமை தற்செயலானது. இதன் வேர் 'ஃபஃல்' என்ற அரபுச் சொல்.

இஸ்லாத்துக்கு முந்திய அரேபியர் வருவதறியப் பல வழிகளைக் கையாண்டனர். பறவையைக் கலைத்துவிட்டு, அது வலப்புறம் பறந்தால் நன்று, இடப்புறம் பறந்தால் தீது என்றனர். பறவையைக் குறிக்கும் 'தைர்' என்பதிலிருந்தே தீய சகுனத்தைக் குறிக்கும் 'தியரா' பிறந்தது. அம்பெடுத்துக் குறி கேட்கும் 'அஸ்லாம்' முறையை அல்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் தடுத்தது. தியராவை மறுத்த நபி (ஸல்) அவர்கள், ஃபஃல் தமக்கு விருப்பமானது என்றார்கள். அது யாதென வினவப்பட்டபோது, ஒருவர் செவியுறும் நல்ல வார்த்தை என விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இச்செய்தி உண்டு.

கி.பி. 628இல் ஹுதைபிய்யாவில் பேச்சுவார்த்தை இழுபட்டுக்கொண்டிருந்தபோது, குறைஷியர் தரப்பில் ஸுஹைல் பின் அம்ர் வந்தார். அப்பெயர் 'இலகு' என்னும் பொருள்தரும் வேரிலிருந்து வந்தது. உங்கள் காரியம் இலகுவாகிவிட்டது என நபியவர்கள் தோழர்களிடம் கூறினார்கள். அங்கு எவரும் எதையும் விரித்துப் பார்க்கவில்லை. வந்தவரின் பெயரிலிருந்து நம்பிக்கை பெறப்பட்டது, அவ்வளவே.

உயர்தர வகுப்பில் முல்லைப்பாட்டைப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த ஃபஃல் நினைவுக்கு வரும். போருக்குச் சென்ற தலைவனை எண்ணி வாடும் தலைவிக்காக முதுபெண்டிர் நெல்லும் முல்லையும் தூவித் தொழுது, ஊர்ப்புறத்தில் நற்சொல் கேட்க நிற்கின்றனர். தாய்ப்பசுவைக் காணாது தவிக்கும் கன்றுக்கு, அது இப்போதே வந்துவிடும் என்று ஆய்மகள் ஒருத்தி சொல்வது காதில் விழுகிறது. அதைக்கொண்டு தலைவியைத் தேற்றுகின்றனர். தமிழர் இதனை 'விரிச்சி' என்றனர். விரிச்சி தேடிச்சென்று கேட்பது, ஃபஃல் தேடாமல் வருவது. எனினும் இரண்டிலும் ஆறுதல் தருவது பிறர் இயல்பாகச் சொன்ன ஒரு சொல்தான்.

பாரசீகம் சென்ற சொல் 'ஃபால்' என நீண்டது, பொருளும் மாறிற்று. காதுக்குரியது கண்ணுக்குரியதாயிற்று. ஹாபிஸின் திவானை விரித்து, அகப்படும் கவிதையில் பலன் காண்பது ஈரானில் இன்றும் வழக்கம். பாட்னா குதா பக்ஷ் நூலகத்திலுள்ள ஒரு திவான் பிரதியின் ஓரங்களில் ஹுமாயூனும் ஜஹாங்கீரும் தாம் பார்த்த பலன்களைக் குறித்துவைத்துள்ளனர். 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் பாரசீகத்திலும் துருக்கியிலும் ஓவியங்கள் நிறைந்த 'ஃபால்நாமா'க்கள் அரசவைகளுக்காக உருவாயின. துருக்கியர் கோப்பியின் வண்டலில் பார்ப்பதும் 'ஃபால்'தான். எமது பாலும் இப்பிற்காலப் பொருளையே சுமக்கிறது.

இது அகராதியோடு முடியும் விடயமன்று. கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவான என் மாணவி ஒருத்தியை, பால் சரியில்லை என்று வீட்டார் மறித்துவிட்டனர். அவள் போகவேயில்லை. பெயர் ஃபஃல், நடந்தது தியரா. பறவைக்குப் பதில் ஒரு புத்தகம், அவ்வளவுதான் வித்தியாசம். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட அச்சம், விரும்பப்பட்ட சொல்லின் பெயரிலேயே வீட்டுக்குள் வந்துவிட்டது.

அன்று அப்பிள்ளைக்கு வேண்டியிருந்தது, 'போயிட்டு வா மகள்' என்ற ஒரு வார்த்தை. ஃபஃல் என்பதன் முதற்பொருளும் அதுவே.