தன் குரலும் சமூகத்தின் குரலும்



பண்டிதர் அயோத்திதாசர் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில், நம் இளம் படைப்பாளிகள் ஓயாமல் கேட்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். நான் எழுதுவதும் பாடுவதும் எனக்காகவா, என் சமூகத்துக்காகவா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் கவிதை வாசிக்க வருகிற பிள்ளைகள் இரண்டு பக்கமும் இழுபடுகிறார்கள். "நம்மைப் பற்றி நாலு நல்லது எழுது, வீட்டுக் குடியையும் சண்டையையும் ஊருக்குக் காட்டாதே" என்று சொந்தத் தெரு சொல்கிறது. வெளியே இருக்கும் இலக்கிய உலகமோ, "சாதியை விட்டு வெளியே வா" என்று ஒரு நாளும், "உன் வலியை மட்டும் எழுது" என்று மறுநாளும் சொல்கிறது. அந்தப் பிள்ளை காதலைப் பற்றி எழுதினால், இதில் தலித் எங்கே என்று தேடுகிறது. இந்த இழுபறி இன்று தொடங்கியதல்ல. இதன் வரலாறு தெரிந்தால், யார் யாரிடம் எதைக் கேட்கலாம் என்பதும் விளங்கும்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். 'பறையர்' என்பது பகைவர்கள் சூட்டிய பெயர் என்றார் பண்டிதர். நாம் இந்த மண்ணின் பூர்வகுடிகள், பூர்வ பௌத்தர்கள், சாதிபேதமற்றவர்கள் என்பது அவர் வாதம். 1891-ல் திராவிட மகாஜன சபையையும், 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் இந்த நோக்கில்தான் தொடங்கினார். அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் தொடங்கிய இதழுக்கு வைத்த பெயரோ 'பறையன்'. எந்தப் பெயரைச் சொல்லி நம்மை இழிவுபடுத்துகிறார்களோ, அதே பெயரோடு தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது அவர் நிலை. பின்னர் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் எடுத்த முயற்சியால் 1922-ல் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் அரசுப் பதிவுக்கு வந்தது.

மூவருமே சமூகத்துக்காக வாழ்ந்தவர்கள். சமூகத்தை எந்தப் பெயரில் உலகத்தின் முன் நிறுத்துவது என்பதில் மட்டும் ஒரே குடும்பத்துக்குள்ளேயே உடன்பாடு இல்லை. ஆகவே "சமூகம் இதைத்தான் எழுதச் சொல்கிறது" என்று யாராவது ஓர் இளைஞரிடம் சொன்னால், அந்தச் சமூகத்தில் எந்தக் குரல் அப்படிச் சொல்கிறது என்று திருப்பிக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

அடுத்து, அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய ஆண்டுகள். 1989-ல் ப. சிவகாமியின் 'பழையன கழிதலும்' வந்தது. அதில் வரும் காத்தமுத்து ஊர் மேல்சாதியினரை எதிர்த்து நிற்கும் தலித் தலைவர். தன் வீட்டுப் பெண்களிடம் அதிகாரம் செலுத்துபவரும் அவரே. நம் தலைவரை நாமே இப்படிக் காட்டலாமா என்று கேட்டார்கள். சிவகாமி பின்வாங்கவில்லை. 1997-ல் அதே நாவலைத் தானே விசாரணைக்கு உட்படுத்தி 'ஆசிரியர் குறிப்பு' எழுதினார்.

1992-ல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது சொந்த ஊரிலேயே கோபம் எழுந்தது. சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு அதே ஊர் அவரைத் தன் எழுத்தாளராக ஏற்றுக்கொண்டது. ஒரு பெண் தன் தனி வாழ்க்கையைச் சொன்ன புத்தகம், இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் நம் சமூகத்தின் ஆவணமாகப் படிக்கப்படுகிறது.

1994-ல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தது. தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை அது. ஆரோக்கியம் என்ற அந்த வண்ணாத்தி, சேரியில் வீடு வீடாகச் சோறு வாங்குகிறாள். தலித் விமர்சகர்கள் பலர் அந்த நாவலைக் கடுமையாகத் தாக்கினார்கள். பொது எதிரியை விட்டுவிட்டு நம் உள்வீட்டைத் திறந்துகாட்டுகிறது என்பது குற்றச்சாட்டு. மேல்சாதி வாசகர்கள் இதைத் தங்களுக்குச் சாதகமாகப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயமும் அதில் இருந்தது. அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் புதிரை வண்ணாரும் தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளுள் ஒருவர்தான். அவர்களுடைய பட்டினியை மறைத்துக் காப்பாற்றும் கௌரவம் யாருடைய கௌரவம்? 2009-ல் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபோதும், நமக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை வெளியில் பேசலாமா என்ற இதே கேள்விதான் எழுந்தது. பேசியதால்தான் பங்கு கிடைத்தது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1926-ல் அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே இதே விவாதம் நடந்தது. இளம் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், வெள்ளையரும் கறுப்பரும் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காமல் எங்களை உள்ளபடியே எழுதுவோம் என்று வாதிட்டார். அதே ஆண்டில் மூத்தவரான டு போய்ஸ், எல்லாக் கலையும் பிரச்சாரமே, நம் மக்களின் உரிமைக்கு உதவாத கலை எதற்கு என்று வாதிட்டார். இரண்டு கட்டுரைகளும் இன்றும் வாசிக்கப்படுகின்றன. ஒன்று மற்றொன்றை அழித்துவிடவில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடிய தடத்தில்தான் அம்பத்தூரும் ஆவடியும் திருவள்ளூரும் அரக்கோணமும் இருக்கின்றன. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் வந்தன. நம் தெருக்களில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் தலைமுறை அங்கேதான் உருவானது. அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதே ரயிலில் கல்லூரிக்குப் போனார்கள்.

ஆவடியை அடுத்த கார்லப்பாக்கத்தில் பிறந்து சென்னை கவின் கலைக் கல்லூரியில் படித்த பா. இரஞ்சித், 2012-ல் தன் முதல் படமாக எடுத்தது 'அட்டகத்தி'. காதலில் திரும்பத் திரும்பத் தோற்கிற ஒரு பையனின் கதை. அதில் யாரும் கொடி பிடிக்கவில்லை. ஆனால் நம் வீடு, நம் பேருந்து, மாட்டுக்கறி, கானா எல்லாம் இரக்கமும் கேலியும் இல்லாமல் திரைக்கு வந்தன. அதே இயக்குநர் 2018-ல் நில உரிமையை நேராகப் பேசும் 'காலா'வை எடுத்தார். முன்னது தனக்காக, பின்னது சமூகத்துக்காக என்று யாராலும் பிரித்துவிட முடியாது.

அதே ஆண்டு ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடை ஏறியது. பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அந்தக் குழுவில் பாடிய அரக்கோணத்து அறிவு, 2021-ல் 'எஞ்சாயி எஞ்சாமி' பாடலில் சொன்னது தன் பாட்டியின் கதையை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, கையில் நிலமில்லாமல் திரும்பியவர்களின் கதை. ஒரு குடும்பத்தின் நினைவை உலகமே பாடியது. ஆனால் அந்தப் பாடலை முன்வைத்து வெளிவந்த ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவின் முகம் இல்லை. பலரும் கேள்வி கேட்ட பிறகுதான் அவருக்கென்று தனி அட்டை வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாடலை எழுத அறிவுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. பாடல் வெளியே போய், அதன் பெயரும் புகழும் வேறு கைக்கு நழுவியபோது, உரிமையோடு கேட்க ஒரு கூட்டம் வேண்டியிருந்தது. சமூகத்தின் வேலை தொடங்கும் இடம் அதுதான்.

ஆகவே படைப்பாளியிடம் சமூகம் கேட்கத்தக்கது ஒன்றே: பொய் சொல்லாதே. எதை எழுதுவது, யாரை நாயகியாக வைப்பது, அழ வைப்பதா சிரிக்க வைப்பதா என்பதெல்லாம் அவர் முடிவு. பூமணியும் சோ. தர்மனும் தங்களைத் தலித் எழுத்தாளர் என்று அழைப்பதை ஏற்கவில்லை. அதனால் 'பிறகு' நாவலும் 'கூகை'யும் நமக்கு அந்நியமாகிவிடவில்லை. அவர்கள் மறுப்பையும் மதிப்போம், அவர்கள் நூல்களையும் படிப்போம்.

சமூகத்தை முன்னிறுத்தும் பொறுப்பை ஒரு தனிக் கவிஞரின் தோளில் ஏற்றுவது நியாயமில்லை. அது அமைப்புகளின் பொறுப்பு. பண்டிதர் அச்சகமும் இதழும் நடத்தியது அதனால்தான். சிவகாமி 'புதிய கோடாங்கி'யை நடத்தியதும், இரஞ்சித் 'நீலம்' வழியே மற்ற இயக்குநர்களின் படங்களைத் தயாரித்ததும் அதனால்தான். ஒரே ஒரு எழுத்தாளர் இருந்தால், அவர் ஒவ்வொரு வரியிலும் சமூகம் முழுவதையும் சுமக்க வேண்டியிருக்கும். நூறு பேர் இருந்தால் ஒருவர் போராட்டத்தை எழுதலாம், ஒருவர் தன் அப்பாவின் குடியை எழுதலாம், ஒருவர் மழையை எழுதலாம்.

அந்த நூறு பேருக்கு மேடையும் அச்சும் வாசகரும் தருவது நம் போன்ற மன்றங்களின் கடமை. அடுத்த கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து நம் தெருவைச் சங்கடப்படுத்தும் ஒரு கதையை வாசிக்கக்கூடும். முழுவதும் வாசித்து முடிக்கும் வரை உட்கார்ந்து கேட்போம். உடன்படாதவர்கள் பிறகு எழுந்து பேசட்டும். அந்த விவாதத்தையும் கதையோடு சேர்த்தே அச்சிடுவோம்.