ஈர்க்குவாணமும் தோல்வாரும்

தெஹியோவிட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் கோயில் திருவிழா என்றால் கரகமும் காவடியும் மட்டும் போதாது, இரவில் வாணமும் விட வேண்டும். எம்மில் பலர் லயத்து வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து ஈர்க்குவாணம் பார்த்து வளர்ந்தவர்கள். நாம் பாடசாலையில் படித்த காலத்தில், மாசித் திருவிழா ஒன்றில், பாதி உயரத்திலேயே ஒரு வாணத்தின் கட்டு அவிழ்ந்துவிட்டது. ஈர்க்கு கோயில் முற்றத்தில் விழுந்தது. எரிகிற குழாய் வளைந்து வளைந்து ஓடி இறப்பர் மலைக்குள் விழுந்தது. மரங்கள் இலையுதிர்த்து நின்ற நேரம். கீழே முழங்கால் அளவு சருகு. ஆண்கள் பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்து அணைத்தார்கள். லயத்துக்கும் அந்த நெருப்புக்கும் நடுவே ஒரு கான் மட்டுமே இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை எமது விஞ்ஞான ஆசிரியை பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "ஈர்க்கு எதற்கு, நூல் எதற்கு?" என்று கேட்டார். ஈர்க்கு திசைக்கு என்று சொல்லிவிட்டோம். நூலைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை. இந்த மலருக்காக நாம் தேடி வாசித்ததெல்லாம் அந்த நூலைப் பற்றித்தான்.

1780 செப்டெம்பர் 10ஆம் திகதி, காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில், ஹைதர் அலியின் படையும் அவர் மகன் திப்புவின் படையும் ஆங்கிலக் கும்பனிப் படையை முறியடித்தன. மைசூர்ப் படையிடம் இருந்தவை இரும்புக் குழாய் வாணங்கள். காகிதக் குழாயைவிட இரும்பு கூடிய அழுக்கத்தைத் தாங்கும். ஆகவே தூரமும் கூடும். ஆனால் இழுவிசை கூடக் கூட, குழாய் தன் கம்பை விட்டு நழுவப் பார்க்கும். மைசூரார் அதற்குத் தோல்வாரைப் பயன்படுத்தினார்கள். இங்கிலாந்தின் வூலிச் நகருக்குப் போய்ச் சேர்ந்த இரண்டு வாணங்களின் அளவுகள் பதிவாகியுள்ளன. ஒன்றில் 10 அங்குல நீளக் குழாய் 3 அடி 4 அங்குல வாளோடும், மற்றதில் 7.8 அங்குலக் குழாய் 6 அடி 3 அங்குல மூங்கிலோடும் தோல்வாரால் கட்டப்பட்டிருந்தன. பச்சைத்தோல் காயும்போது இறுகும் என்பது மேளம் கட்டுகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இவற்றில் சில இங்கிலாந்துக்குப் போயின. வில்லியம் கொங்கிரீவ் அவற்றைப் பார்த்துத் தமது வாணங்களைச் செய்தார். தோலுக்குப் பதிலாக இரும்பு வளையங்களை வைத்து, கம்பைப் பக்கத்தில் செருகினார். பின்னர் கம்பைக் குழாயின் அடிநடுவுக்கே மாற்றினார். 1844இல் வில்லியம் ஹேல் வாணத்தையே சுழலச் செய்து, கம்பே தேவையில்லாமல் ஆக்கினார்.

பொழுதுபோக்கு ரொக்கெட்டின் கதை வேறு. 1954இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல், கழற்றி மாற்றக்கூடிய சிறு காகித மோட்டாரைச் செய்தார். 1957இல் ஸ்புட்னிக் பறந்த பிறகு சிறுவர்கள் வீட்டிலேயே மருந்து இடித்து விரல்களை இழந்த காலத்தில், ஹரி ஸ்டைன் என்பவர் இந்த ஆயத்த மோட்டாரைப் பரப்பினார்.

இங்கே ஒரு புதிய சிக்கல் வந்தது. மருந்து எரிந்து முடிந்து, சில வினாடிகள் கழித்து, மோட்டாரின் மேல்முனையில் ஒரு சிறு வெடிப்பு நிகழும். அந்த வாயு மூக்குக் கூம்பைத் தள்ளிப் பரசூட்டை வெளியே எறிய வேண்டும். மோட்டார் தளர்வாக இருந்தால் கூம்புக்குப் பதிலாக மோட்டாரே பின்பக்கமாகத் தெறித்துவிடும். சுடு குழாய் ஒரு பக்கம் விழ, விரியாத பரசூட்டோடு ரொக்கெட் ஈட்டி போல மறுபக்கம் இறங்கும். ஆகவே மோட்டாரை இரண்டு திசைக்கும் தடுக்க வேண்டியிருந்தது. ஏறும்போது அது உடலுக்குள் மேலே ஓடாமல் உள்ளே ஒட்டிய ஒரு தடுப்பு வளையம். வெடிக்கும்போது கீழே வராமல் ஓர் உருக்குக் கொக்கி. கொக்கி இல்லாதவர்கள் மோட்டாரில் காகித ஒட்டுநாடாவைச் சுற்றி இறுக்கமாகச் செருகுவார்கள். பெரிய ரொக்கெட்டுகளுக்குத் திருகு மூடி உண்டு. நாடா மலிவு, ஆனால் எமக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு சுற்றுக் குறைந்தாலும் நழுவும். எத்தனை சுற்று என்பது கைப்பழக்கம்.

அந்த வருடத்துக்கு அடுத்த திருவிழாவில் நாம் நான்கு பேர் வாணக்காரரிடம் போய் நின்றோம். ஒரு கட்டுக்கு இரண்டு கட்டுப் போடுங்கள், கீழ்க்கட்டு நெருப்பு வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி இருக்கட்டும் என்றோம். "படிச்ச புள்ளைங்க சொல்லுது" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி கட்டினார்.