முதல் தடவை எப்போ? - ஒரு கேள்வியோட கதை

கிணறு வெட்டுறவங்களைக் கேட்டுப் பாருங்க. கிணத்துல எவ்வளவு தண்ணி கிடக்குங்கிறது ஒரு கணக்கு, ஊத்து எவ்வளவு வேகமா சுரக்குதுங்கிறது வேற கணக்குன்னு சொல்வாங்க. போதைப்பொருள் புள்ளிவிவரமும் அப்படித்தாங்க. "எத்தனை பேர் பழக்கத்துல இருக்காங்க?"ன்னு எல்லாரும் கேப்பாங்க. "இந்த வருஷம் புதுசா எத்தனை பேர் ஆரம்பிச்சாங்க?"ங்கிறதுதான் ஊத்துக் கணக்கு. பழைய அறிக்கைகளைப் புரட்டுறது என் வியாதி :-) அதுல, அமெரிக்காவுல இந்தக் கணக்கு எப்படி வளர்ந்துச்சுன்னு படிச்சதைச் சொல்றேன்.

1969 ஆகஸ்ட், வாஷிங்டன் நகரச் சிறை. ராபர்ட் டுபான்ட்னு ஒரு மனநல மருத்துவர், உள்ளே வர்ற கைதிகளோட சிறுநீரைப் பரிசோதிக்க ஏற்பாடு பண்ணினார். 100க்கு 40 பேருக்கு மேல ஹெராயின்! மனுஷன் அதோட விடலை. "முதல் தடவை எந்த வருஷம் எடுத்தீங்க?"ன்னும் கேட்டார். பதில்களை வருஷவாரியா அடுக்கினா, 1960களின் நடுவுல கோடு சரசரன்னு மேல ஏறுது. காலராவுக்கும் அம்மைக்கும் போடுற அதே மாதிரி வரைபடம்!

இதுல ஒரு பொறி இருக்கு. போன வருஷம் ஆரம்பிச்சவன் உடனே சிறைக்கோ சிகிச்சைக்கோ வந்துட மாட்டான், சில வருஷம் ஆகும். அதனால கோட்டோட கடைசிப் பகுதி எப்பவுமே கீழ இறங்குற மாதிரிதான் தெரியும். அதைப் பார்த்து "அப்பாடா, குறைஞ்சுடுச்சு"ன்னு நிம்மதியானா அவ்வளவுதான், ஏமாந்தோம்.

அப்போ மாட்டினவங்களை மட்டும் கேட்டாப் பத்தாது, எல்லாரையும் கேக்கணும். 1971ல ரேமண்ட் ஷேஃபர் தலைமையிலான ஆணையம் வீடு வீடாப் போய்க் கேக்குற கணக்கெடுப்பைத் தொடங்கி வெச்சது. 12 வயசுல இருந்து எல்லாருக்கும் கேள்வி உண்டு. ஆனா சிறையில இருக்கிறவங்களும், ரோட்டுல படுக்கிறவங்களும் வீட்டுக் கணக்குல வர மாட்டாங்க. அப்புறம் ஞாபகம். 20 வருஷம் முன்னாடி நடந்ததை யார் சரியா சொல்றா? பக்கத்துல அம்மா நிக்கிறப்போ 15 வயசுப் பையன் உண்மையைச் சொல்வானா?

அதனால 1999ல முறையை மாத்தினாங்க. காதுல ஹெட்போன், கையில லேப்டாப், பதிலை நீயே தட்டிக்கோ. 2002ல இருந்து பதில் சொல்றவங்களுக்கு 30 டாலரும் குடுத்தாங்க. உடனே நிறைய பேர் பேச முன்வந்தாங்க, எண்களும் எகிறிடுச்சு! ஊர் கெட்டுப் போச்சா, இல்ல அளக்குற படி மாறிடுச்சா? பிரிச்சுச் சொல்ல முடியாமப் போச்சு. 2002க்கு முந்தைய எண்களோட ஒப்பிடாதீங்கன்னு அவங்களே எழுதி வெச்சாங்க.

இத்தனை ஓட்டை இருக்கிற கணக்குதான். ஆனாலும் 2004 கணக்கு ஒண்ணு சொல்லுச்சு. அந்த வருஷம் கஞ்சாவைப் புதுசா தொட்டவங்க சுமார் 21 லட்சம். டாக்டர் சீட்டுல வர்ற வலி மாத்திரையைப் போதைக்காகப் புதுசா ஆரம்பிச்சவங்க சுமார் 24 லட்சம். தெருமுனைச் சரக்கை வீட்டு மருந்து அலமாரி முந்திடுச்சு.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். அந்த மாத்திரைக்காரங்கள்ல ஹெராயினுக்குப் போனவங்க சின்னப் பங்குதான். ஆனா புதுசா ஹெராயினுக்கு வந்தவங்கள்ல 100க்கு 80 பேர் ஏற்கெனவே மாத்திரையைத் தப்பாப் பயன்படுத்தினவங்கன்னு 2013ல வந்த ஓர் ஆய்வு சொன்னது. பின்னாடி ஃபென்டனிலும் வந்து சேர்ந்துச்சு. 1999ல அளவு மீறிப் போதைப்பொருள் எடுத்துச் செத்தவங்க 17,000க்கும் கீழ. 2021ல 1,06,000க்கும் மேல.

சாவுக் கணக்கு வந்து சேர்றப்போ செய்யறதுக்கு ஒண்ணும் மிச்சமிருக்காது. முதல் தடவைக் கணக்கு வர்றப்போ அந்த 24 லட்சம் பேரும் உயிரோட, நம்ம பேச்சைக் கேக்குற தூரத்துல இருந்தாங்க. அறிக்கை அச்சாகி மேசைக்கும் வந்துச்சு. அதை யாராவது ஊத்துக் கணக்காப் படிச்சிருந்தா?

இதைத்தாங்க ராத்திரி முழுக்க யோசிச்சுட்டு இருந்தேன்.